நோகல்லதானே, மறுகா பாப்பம்

கரடியனாற்றுக்கு நாங்க போனது நோயைப் பற்றிக் கேட்க இல்ல. பாட ஒப்படைக்காக, யுத்த கால இடப்பெயர்வுக் கதைகளைப் பதிவு செய்யப் போனோம். வந்தாறுமூலையில் பஸ் ஏறி, செங்கலடியில் இறங்கி, பதுளை வீதியால் உள்ளுக்குப் போற பயணம். இரண்டாம் நாள், கதை சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா போன் ரெக்கோடரை நிப்பாட்டச் சொன்னா. எங்களில் இருந்த பெண் பிள்ளைகளை மட்டும் குசினிப் பக்கம் கூப்பிட்டா.

"நெஞ்சில ஒரு கட்டி கிடக்கு மகள். ரெண்டு வருஷம் இருக்கும். நோகல்லதானே, வெட்டு முடிய மறுகா பாப்பம் எண்டு விட்டுட்டன்."

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல்ல எண்டு கேட்டதுக்கு இன்னொரு காரணமும் வந்தது. "போனா மயக்கிப்போட்டு முழுசா எடுத்துருவாங்களாம். முழிச்சுப் பாக்கக்குள்ளதான் தெரியுமாம்."

பெயர் போடாமல் எழுதலாம் எண்டு அவவே சொன்ன பிறகுதான் இதை எழுதுறோம். உண்மையைச் சொன்னால், அந்த ரெண்டாவது காரணத்தைக் கேட்டு எங்களுக்குள்ள ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ஊர்ப் பயம் எண்டு நினைச்சோம். திரும்பி வந்து வாசிக்கத் தொடங்கின பிறகு அந்தச் சிரிப்பு போயிட்டு. அவ சொன்னது கட்டுக்கதை இல்ல. உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகள் நடந்ததே அதுதான்.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் இருந்து தொடங்குவோம். 1811 செப்டெம்பர் 30, பாரிஸ். ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னியின் மார்பகத்தை நெப்போலியனின் படை வைத்தியர் லாரே வெட்டி எடுத்தார். பர்னி முழு நினைவோடு இருந்தார். நடந்ததை எழுத்தில் கொண்டுவர அவருக்குப் பல மாதம் எடுத்தது, பிறகு தன் சகோதரிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அதுக்குப் பிறகு 28 வருஷத்துக்கு மேல் உயிரோட இருந்தார். அவருக்கு வந்தது உண்மையிலேயே புற்றுநோயா எண்டு இன்றைக்கும் சந்தேகம் இருக்கு, ஏனெண்டால் அப்ப வெட்டுறதுக்கு முந்திக் கட்டி என்ன வகை எண்டு சோதிக்க வழியே இல்ல.

அதுக்கு 7 வருஷம் முந்தியே, உலகத்துக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த ஜப்பானில், ஹனோகா செய்ஷூ எண்ட வைத்தியர் நோயாளியைத் தூங்க வைத்து இதே ஒப்பரேஷனைச் செய்திருந்தார். 1804 ஒக்டோபர் 13. நோயாளி 60 வயதுப் பெண். அவர் குடிக்கக் கொடுத்த கசாயத்தின் முக்கிய சரக்கு என்ன தெரியுமா? ஊமத்தை! எங்கட வேலி ஓரத்தில முளைக்கிற, சின்னப் பிள்ளைகளைத் தொட விடாத அதே இனம். அதோட நச்சு வேரான வத்சநாபி வகையும். அளவு கண்டுபிடிக்க அவருக்குப் பல வருஷம் போனது. அவருடைய மனைவி தன் உடம்பையே பரிசோதனைக்குக் கொடுத்துக் கண்பார்வையை இழந்தா. இந்தக் கதையில் எல்லாரும் வைத்தியரைத்தான் நினைவில் வைத்திருக்கிறாங்க. எங்களுக்கு அந்த மனைவியைத்தான் மறக்க முடியல்ல.

ஜப்பானில் நடந்தது வெளியே தெரியவில்லை. மேற்கில் 1846ல் பொஸ்டனில் ஈதர் வந்தது, அடுத்த வருஷம் எடின்பரோவில் குளோரோபோம். அதே 1847லதான் சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். 1867ல் அறுவை மருத்துவ நூல் ஒன்றை 'இரண வைத்தியம்' எண்டு தமிழாக்கினார். தமிழில் மருத்துவம் பேச ஆரம்பிச்சு 150 வருஷத்துக்கு மேல. ஆனா இன்னும் எங்கட அம்மாமார் மார்பகத்தை 'நெஞ்சு' எண்டுதான் சொல்லுறாங்க. பெரியம்மா சொன்னதும் முதல்ல எங்களுக்குச் சளிக்கட்டு எண்டுதான் விளங்கினது.

வலி போனதும் வெட்டு சின்னதாகும் எண்டு நாங்க நினைச்சோம். நடந்தது மாறி. நோயாளி அசையாமல், கத்தாமல் கிடந்ததால் வைத்தியர் ஆறுதலாக, ஆழமாக வெட்ட முடிஞ்சது. பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894ல் 50 நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டார். மார்பகம், அதுக்குக் கீழே உள்ள தசைகள், கக்கத்து நிணநீர் முடிச்சுகள் எல்லாத்தையும் ஒரே துண்டாக எடுக்கிற முறை. புற்றுநோய் கட்டியில் இருந்து படிப்படியாக வெளியே பரவுது, எவ்வளவு கூட வெட்டுறமோ அவ்வளவு நல்லது எண்டது அவர் நம்பிக்கை. பெண்களுக்கு மிஞ்சியது ஒட்டிப்போன நெஞ்சும் வீங்கின கையும். கக்கத்தால் ஓடுற ஒரு நரம்பு அறுபட்டால் காயம் ஆறின பிறகும் எரிவும் மரப்பும் தொடரும். (ஹால்ஸ்டெட்டே வலி நிவாரணத்துக்குப் பலியானவர் எண்டது இன்னொரு சோகம். கொக்கெயினை நரம்புப் பக்கம் ஊசியாகப் போட்டு மரக்கச் செய்யிறதைத் தன் உடம்பிலேயே சோதித்து, அதுக்கு அடிமையானார்.)

அந்த முறை ஏறக்குறைய 80 வருஷம் கேள்வி கேட்காமல் ஓடினது. இடையில் லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ், பொருளியல்காரர்கள் பாடமாக்கிற கெயின்ஸின் தம்பி, 1920களிலேயே சின்ன வெட்டோட ரேடியம் வைத்துப் பார்த்தார். ஆக்கள் கணக்கெடுக்கல்ல.

இதிலதான் பெரியம்மா சொன்ன விஷயம் வருது. அமெரிக்காவில் 1970கள் வரை வழமை இப்படி: கட்டியோட வாற பெண்ணிடம் முதலே கையெழுத்து வாங்கி மயக்குவாங்க. ஒரு துண்டை எடுத்து உறைய வைத்துப் பார்ப்பாங்க. புற்றுநோய் எண்டால் அதே மேசையில், அவ முழிக்காமலே, மார்பகம் முழுக்க எடுபடும். முழிச்சு நெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் எண்டு அவவுக்குத் தெரியும். 1974ல் ரோஸ் குஷ்னர் எண்ட பத்திரிகையாளர், முதல்ல சோதனை மட்டும் செய்யுங்க, முடிவு தெரிஞ்ச பிறகு நான் சொல்லுறன் எண்டு நின்றா. பல வைத்தியர்கள் மறுத்தாங்க. அவ விடல்ல. 1979ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின குழுவில் அவவும் இருந்தா. சோதனையும் ஒப்பரேஷனும் ரெண்டு தனித்தனிப் படியாக இருக்க வேணும் எண்டு அந்தக் குழு பரிந்துரைத்தது.

அதே காலத்தில் பேர்னாட் ஃபிஷர் எண்டவர், கூட வெட்டினால் கூட வாழுவாங்களா எண்ட கேள்வியைக் கணக்குக்குக் கொண்டுவந்தார். எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை எண்டதை வைத்தியர் தீர்மானிக்காமல் குலுக்கல் முறையில் பிரித்தார். 1976ல் தொடங்கின அவருடைய ஆய்வில் 1,851 பெண்களை 20 வருஷம் பின்தொடர்ந்து 2002ல் முடிவு வந்தது. முழு மார்பகத்தை எடுத்தவங்களும் கட்டியை மட்டும் எடுத்தவங்களும் ஒரே அளவுதான் உயிர் வாழ்ந்தாங்க. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை செய்யாதவங்களில் 39 வீதமானோருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்ப வந்தது. கதிர்ச்சிகிச்சை செய்தவங்களில் 14 வீதம். மிலானில் வெரோனேசியும் இதே முடிவுக்கு வந்திருந்தார். ஃபிஷரின் ஆய்வில் ஒரு மொன்றியல் வைத்தியர் பொய்த் தகவல் கொடுத்தது 1990களில் பிடிபட்டது. அவருடைய நோயாளிகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறல்ல. 1990களில் கக்கத்திலும் வெட்டு சுருங்கினது. சாயம் ஏற்றி முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கத் தொடங்கினாங்க.

ஆனா இந்த நல்ல செய்தி எல்லாருக்கும் ஒரே தூரத்தில் இல்ல. சின்ன வெட்டு போதும் எண்டால் கட்டி சின்னதாக இருக்கும்போதே வரவேணும், பிறகு கிழமைக்கணக்கில் கதிர்ச்சிகிச்சைக்கும் போகவேணும். கிழக்கில் உள்ள சனத்துக்கு நீண்ட காலம் அது மகரகம எண்டதுதான் அர்த்தம். பதுளை வீதியில் சோதனைச்சாவடி தாண்டி மட்டக்களப்புக்குப் போறதே ஒரு நாள் வேலையாக இருந்த காலத்தில், நோகாத கட்டிக்காக யார் கொழும்புப் பக்கம் போவா? இப்ப மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கு. 1996ல் நாட்டில் தொடங்கின சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயது தாண்டின பெண்களின் மார்பகத்தை இலவசமாகத் தடவிப் பார்க்கிறாங்க. ஆரம்பத்தில் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் நோகாது எண்டதைப் பெரியம்மாவுக்கு முதல் சொன்னது அந்த ஊர் மிஸிதான், நாங்க இல்ல. ஆனா எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்ல, கையால் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசியால் துண்டெடுத்துத்தான் முடிவு சொல்லுவாங்க, அந்த ஊசிக்கு மரக்கிற மருந்து போடுவாங்க எண்டு நாங்க சொன்னோம்.

மூன்றாவது தரம் போனபோது ரோஸ் குஷ்னர் கதையையும் சொன்னோம். கவனமாகக் கேட்டா. "அந்த மனிசி கேட்டத எனக்கும் எழுதித் தாங்க" எண்டா. கிளினிக் கொப்பியின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்: முதல்ல ஊசியால பார்க்கலாமா? முடிவை எனக்குச் சொல்லிட்டுத்தானே மற்றது? கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சுப் பார்த்தா. புதன்கிழமை மகளோட போறாவாம்.