ஆலங்குடாவில் கிறீச்சிட்ட பிரேக்

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நாற்பது ஆண்டுகளில் வாகனங்களைப் பற்றி எழுத நேர்ந்தவை பெரும்பாலும் விபத்துச் செய்திகளே. ‘பிரேக் செயலிழந்ததால்’ என்ற சொற்றொடரை எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. அந்த பிரேக் எவ்வாறு செயற்படுகிறது என்று ஒருமுறையேனும் குனிந்து பார்த்தவனல்லன். சென்ற பெப்ரவரியில் குடும்பத்துடன் ஆலங்குடாவுக்குப் போனபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் பாலாவி வரை வந்து, கற்பிட்டி வீதியில் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் கடந்தால் ஆலங்குடா. ஒரு பக்கம் வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் தோட்டங்கள், மறுபக்கம் இந்து சமுத்திரம். பருவகாலத்தில் டொல்பின் பார்க்கவென்று ஊர் நிறைய வான்கள் வந்து நிற்கும். அவற்றில் பல, நம்மவர்கள் ‘டொல்பின்’ என்றே செல்லப் பெயரிட்டழைக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ்கள். கரையிலும் டொல்பின், கடலிலும் டொல்பின் என்று பேரன் சிரித்தான்.

எங்கள் வானின் முன்சக்கரத்தில் கொழும்பிலேயே கிறீச்சொலி தொடங்கிவிட்டது. வழமையாகக் காட்டும் கராஜில், சக்கரத்தைக் கழற்றாமலே இடைவெளியால் எட்டிப் பார்த்தார்கள். “பாட் தடிப்பாகத்தான் இருக்கிறது, தூசி, ஓட ஓடச் சரியாகும்” என்றார்கள். நானும் நம்பினேன். 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடியும் சரியாகவில்லை. ஆலங்குடாவை நெருங்கியபோது கிறீச்சொலி, இரும்பை அரத்தால் உரசும் ஒலியாக மாறியிருந்தது.

வீதியோரத்தில் கூரைத்தகடு வேய்ந்த சிறிய கராஜ் ஒன்று இருந்தது. அதை நடத்துபவர் ஐம்பதை நெருங்கும் ஒரு முஸ்லிம் அன்பர். ஆனால் பேச்சு புத்தளத்துப் பேச்சன்று. கலப்பில்லாத யாழ்ப்பாணப் பேச்சு. சாவியைக் கூடக் கேட்காமல் முதலில் கேள்விகளைக் கேட்டார்.

“ஐயா, சும்மா ஓடேக்கையும் சத்தம் இருக்கோ, பிரேக் அமத்தினால் மட்டுமோ?”

“அமத்தினால்தான்.”

“காலமை மட்டுமோ, நாள் முழுக்கவோ?”

நல்ல வைத்தியர்கள் நாடி பிடிக்குமுன் விசாரிப்பது போன்ற கேள்விகள் இவை. காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் கிறீச்சிட்டால், இரவின் உப்புக் காற்றில் இரும்புத் தட்டின் மேல் படிந்த மெல்லிய துருவே காரணம். தானே உரசிப் போய்விடும். ஓடும்போதே ஒலித்து, அமத்தியதும் மாறினால், பெரும்பாலும் பாட் தேய்ந்துவிட்டதென்று அறிவிப்பதற்காகவே அதில் பொருத்தப்பட்ட சிறு உலோக நாக்கின் ஒலி. அமத்தும்போதெல்லாம், நாள் முழுக்க ஒலித்தால் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும்.

கழற்றினார். வெளிப்பக்கத்துப் பாட் உண்மையிலேயே தடிப்பாக இருந்தது. கொழும்பில் கண்டது இதைத்தான். உட்பக்கத்துப் பாட்டோ அடித்தகடு வரை தேய்ந்து, சுழலும் தட்டில் வளையங்களாகக் கீறியிருந்தது. இரண்டு பாட்களையும் தாங்கும் கலிப்பர், தன் ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி நகர வேண்டும். கடற்காற்றின் உப்பாலோ, கிறீஸ் வற்றியதாலோ அந்த ஊசி ஒன்று துருவேறி இறுகிவிட்டது. வெளிப் பாட்டை இழுத்து அழுத்த முடியாமற்போகவே, உள்ளிருந்தது மட்டும் தனியே உழைத்துத் தேய்ந்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சக்கரத்தின் உட்புறத்தில் அப்பியிருந்த கரிய தூசியை ஊதித் தள்ளுவதற்காகக் காற்றுக் குழாயைக் கையிலெடுத்தார். அவருடைய மகன், பத்து வயதிருக்கும், பக்கத்தில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். “ஊதாதையுங்கோ தம்பி” என்று என்னையறியாமலே கத்திவிட்டேன்.

ஏன் கத்தினேன் என்பதைச் சொல்ல 1888ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அந்த ஆண்டு ஓகஸ்ட்டில், ஜேர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே அவர் செய்த மோட்டார் வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார் பெர்தா பென்ஸ். கூடவே மகன்மார் இருவர். உலகின் முதலாவது குடும்ப மோட்டார்ப் பயணம் என்று அதைச் சொல்லலாம். மலைப்பாதை இறக்கங்களில் மரக்கட்டை பிரேக்குகள் தேய்ந்துபோகவே, வழியில் பௌஷ்லொட் என்ற ஊரில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியைக் கொண்டு கட்டைகளின் மேல் தோலை அடிக்கச் செய்தார். இன்று நாம் பாட் என்றும் லைனர் என்றும் கூறுவதன் மூதாதை அந்தத் தோல்துண்டே.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப் பகுதியிலும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்துகளை பிரேக் கட்டையில் செருகி இறக்கங்களைக் கடந்தனர். அதைக் கவனித்த ஹேர்பட் புரூட் 1897இல் பிரேக் உராய்வுப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். ‘பெரோடோ’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்துப் பிறந்ததென்பர். 1902இல் பிரெடரிக் லான்செஸ்டர் தட்டு பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். அதில் செம்பு உலோகத் தட்டை உரசியது. வந்த ஓசை சகிக்க முடியாததாக இருந்தது. கிறீச்சொலிக்கு வயது நூறுக்கு மேல் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

ஓசையின் இரகசியம் எளியது. வெண்கட்டியைக் கரும்பலகையில் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கிறீச்சிடுகிறது. வயலின் வில்லும் நரம்பைப் பற்றியும் விட்டும், பற்றியும் விட்டும் ஒலியெழுப்புகிறது. பாட்டும் தட்டும் அவ்வாறே. பற்றுவதும் வழுக்குவதும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நிகழ்ந்தால் காதைத் துளைக்கும்.

வெப்பம் தாங்கி, தேயாமல் பற்றி, ஓசையையும் அடக்கும் ஒரு பொருளைத் தேடியவர்களுக்கு 1908ஆம் ஆண்டளவில் விடை கிடைத்தது: அஸ்பெஸ்ரஸ். புரூட் தம்முடைய லைனர்களில் பஞ்சுக்குப் பதில் அதைச் சேர்த்தார். அதன் பின்னர் பல தசாப்தங்கள் உலகத்து வாகனங்களில் பெரும்பாலானவை அஸ்பெஸ்ரஸை அழுத்தியே நின்றன.

விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். இங்கிலாந்தின் ரோச்டேலில் அஸ்பெஸ்ரஸ் நூற்ற நெலி கேர்ஷோ என்ற பெண் 1924இல் தமது 33ஆவது வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்து மருத்துவர் வில்லியம் குக் எழுதிய குறிப்பு, அந்த ஆண்டே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. 1931இல் தொழிற்சாலைகளுக்குச் சட்டவிதிகள் வந்தன. ஆனால் வீதியோரக் கராஜில் தூசியை ஊதும் தொழிலாளியை அந்தச் சட்டம் எட்டவில்லை. பிரித்தானியா முழுத்தடை விதித்தது 1999இல்; ஐரோப்பிய ஒன்றியம் 2005இல்; அமெரிக்கா வெள்ளை அஸ்பெஸ்ரஸுக்குத் தடை அறிவித்தது 2024 மார்ச்சில்தான். நூறு ஆண்டுகள்!

நமது நாட்டின் கதை இன்னும் விசித்திரமானது. அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியை 2018 முதல் மட்டுப்படுத்துவதாக இலங்கை அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு ஒன்று காணப்பட்டதாகக் கூறி, அஸ்பெஸ்ரஸை நமக்கு விற்கும் ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்தது. மாதம் முடியுமுன் தேயிலைக்கு வழி திறந்தது. வண்டுக்கும் கூரைத்தகட்டுக்கும் என்ன உறவென்று அன்று பத்திரிகைகளில் கேலி பறந்தது. அந்நாட்களில் வாசித்தறிந்தவைதான் ஆலங்குடாவில் என் வாயிலிருந்து கத்தலாக வெளிப்பட்டன.

இன்றைய பாட்கள் பலவற்றில் ‘அஸ்பெஸ்ரஸ் அற்றது’ என்று அச்சிட்டிருக்கும். பெயரற்ற மலிவுப் பெட்டிகளில் என்ன இருக்கிறதென்பதைப் பெட்டியைப் பார்த்து அறிய முடியாது. என் வானில் இருந்தது எந்த வகை என்று எனக்கே தெரியாதே என்றேன். அவர் குழாயைக் கீழே வைத்தார்.

“எங்கட வாப்பாவும் இதத்தான் ஊதிக்கொண்டிருந்தவர், ஐயா.”

தந்தை யாழ்ப்பாணத்தில் லொறி திருத்துபவராக இருந்தவர். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டபோது இவருக்குப் பதின்மூன்று வயது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் அதிகமான முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்தடைந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்தைத்தான். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியாகவே கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். தந்தையின் கருவிப் பெட்டி யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டது. ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு, இரவல் கருவிகளோடு மறுபடியும் தொடங்கியவர் அவர். கடைசி ஆண்டுகளில் மூச்சு வாங்குமாம். சுருட்டும் குடித்தவர். என்ன நோயென்று எவரும் தேடவில்லை.

அஸ்பெஸ்ரஸ்தான் என்று நான் சொல்லத் துணியவில்லை. பிரேக்கின் வெப்பத்தில் அந்த இழைகளில் பெரும்பகுதி உருமாறிவிடும் என்று வாதிடும் நிபுணர்களும் உண்டு. ஒருவருடைய தந்தையின் மரணத்துக்கு, வழிப்போக்கன் ஒருவன் காரணம் கற்பிப்பது அழகன்று. அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் மகனை வீட்டுக்குள் போகச் சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டு போனான்.

பின்னர் ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டினார். துருவேறிய ஊசியைத் தட்டிக் கழற்றி, தேய்த்து, புதிய கிறீஸ் பூசினார். கீறல் விழுந்த தட்டைப் புத்தளத்துக்கு அனுப்பிக் கடைந்தெடுத்தோம். அளவு பார்த்து, இன்னும் பாவிக்கலாம் என்றார். பாட்கள் இரு பக்கச் சக்கரத்துக்கும் புதியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் வாகனம் ஒரு பக்கம் இழுக்குமாம். பாட்டின் முதுகில் மட்டும் வெப்பம் தாங்கும் கிறீஸை மெல்லப் பூசினார். உராயும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் பாட் பழுது. நுரைச்சோலைப் பக்கம் வெறும் வீதியில் மெல்ல மெல்லப் பத்துத் தடவை வேகம் குறைத்துப் பழக்கிவிட்டு வரச் சொன்னார்.

கேட்ட கூலி மிகக் குறைவு. மிச்சத்தை வைத்திருக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

மறுநாள் விடியலில் கடற்கரைக்குப் புறப்பட்டபோது முதல் பிரேக்கில் மெல்லிய கிறீச்சொலி கேட்டது. மனைவி என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவை அதுவும் இல்லை. இரவின் துரு.