யானைத் துப்பாக்கியில் ஏறிய கண்ணாடி

1860கள்ல அமெரிக்க உள்நாட்டுப் போர்லயே ஸ்கோப் வச்சுச் சுட்டிருக்காங்க. ஆனா ஆப்பிரிக்காவுல யானை, காட்டெருமை வேட்டைக்குப் போன வெள்ளைக்காரங்க ரொம்ப காலம் அதைச் சீண்டவே இல்லை. காரணம் உதை.

1912ல லண்டன் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்த .375 மேக்னம், மான் சுடுற சாதாரண ரைஃபிளைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு உதைக்கும். துப்பாக்கி பின்னால பாயும்போது மேல இருக்குற ஸ்கோப் நின்ன இடத்துலயே நிக்கப் பாக்கும். மாட்டுவண்டி வெடுக்குனு கிளம்பினா மூட்டை பின்னால சரியுமே, அதே கதைதான். அந்த இழுப்பு பூரா பிடிவளையத் திருகு மேல விழும். உள்ள குறிக்கம்பியோ முடி மாதிரி மெல்லிசு. அறுந்துச்சுன்னா, பாய்ஞ்சு வர்ற எருமை முன்னாடி குறியே இல்லாம நிக்கணும்.

1940களின் கடைசியில் அமெரிக்காவின் லூப்போல்ட் கம்பெனி நைட்ரஜன் அடைச்சு மூட ஆரம்பிச்சதும், உள்ள பனி படர்ற தொல்லை அடங்குச்சு. உதைக்கு வைத்தியம் வேற: எடை கம்மியா, பெரிதாக்குற சக்தியும் கம்மியா இருக்கணும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலு அங்குலமாவது இடைவெளி வேணும். இல்லாட்டி விளிம்பு புருவத்தைக் கிழிச்சிடும்.

என்னைக் கேட்டா, ஜூம் இல்லாததுதான் உழைக்கும். அசையுற பாகம் கம்மி பாருங்க. அப்பவும், காயம்பட்ட எருமையைப் புதருக்குள்ள தேடிப் போறப்ப, பல பேர் ஸ்கோப்பைக் கழட்டி வச்சுட்டு, குழல்மேல இருக்குற இரும்புக் குறியை நம்பித்தான் உள்ள நுழைஞ்சாங்க.