மதிலை இடிச்ச இடத்துல ரூம் போட்டோம்

மதுரைக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போறேன்னு சொன்னா எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வாங்க. "ரூமை டவுனுக்குள்ளயே போட்டுருங்க, எல்லாம் நடக்குற தூரம்." உண்மைதான். ரயில் நிலையம், ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, மீனாட்சியம்மன் கோயில் எல்லாமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும். இந்த வசதி எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. ரூம் வாடகை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க வந்தவங்க மன்னிக்கணும் :-)

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். கோவில்பட்டியிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். அம்மா, தங்கமணி, தங்கச்சி, மச்சான், கல்யாணப் பொண்ணு, அப்புறம் பை தூக்க நான். ரூம் போட்டது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில. லாட்ஜ் சுமார்தான். லிஃப்ட் ஒரு மாடி ஏற ரெண்டு நிமிஷம் யோசிக்கும். ஆனா இடம் இருக்கே, அதுக்கே காசு கொடுக்கலாம். மூட்டு வலிக்காரி அம்மா மத்தியானம் வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்திரிச்சாங்க. வாங்கின பைகளைக் கொண்டுவந்து போட்டுட்டு மறுபடி கிளம்பினோம். இன்னொண்ணும் இருக்கு, ஆம்பளைங்க இதை யோசிக்கறதே இல்லை: காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கடைத்தெருவுல சுத்துற பொம்பளைங்களுக்குப் பக்கத்துல ரூம் இருக்குன்னா, பக்கத்துல ஒரு கழிவறை இருக்குன்னு அர்த்தம். தங்கமணி சொல்லித்தான் எனக்கே உறைச்சது.

சாயங்காலம் தெருப் பலகையைப் பார்த்துட்டு கல்யாணப் பொண்ணு கேட்டா. "யாரு மாமா இந்தப் பெருமாள் மேஸ்திரி? ஏதாவது மந்திரியா?"

மந்திரி இல்லை. கட்டட மேஸ்திரியேதான்.

இன்னிக்கு நாம மதுரை டவுன்னு சொல்ற இடம் முழுக்க ஒரு காலத்துல கோட்டைக்குள்ள இருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை. 72 கொத்தளங்கள், சுத்தி அகழி. 1840-கள்ல மதுரைக் கலெக்டரா இருந்த பிளாக்பர்ன் இதை இடிச்சுடலாம்னு முடிவு பண்ணினார். ஊர் உள்ளே நெருக்கியடிச்சுக் கிடந்தது, அகழித் தண்ணி நாறிக் கிடந்தது. ஆனா அவ்வளவு பெரிய மதிலை யார் இடிக்கறது? அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். மதிலை இடிச்சு அகழியைத் தூர்க்கறவங்களுக்கு அந்த இடமே சொந்தம்னு அறிவிச்சுட்டார். ஜனங்க கடப்பாரையும் மண்வெட்டியுமா இறங்கிட்டாங்க.

அளந்து பிரிச்ச சர்வேயர் பேரு மாரட். வேலையை மேற்பார்வை பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. இடிச்ச இடத்துல உண்டான புதுத் தெருக்களுக்கு மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதின்னு பேரு வந்துச்சு. உள்ளே இருக்குற மத்த வீதிகளைப் பாருங்க. சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு எல்லாமே சாமி புறப்பாட்டு மாசப் பேருதான். அதைத் தாண்டி வெளியில வந்தா ஒரு சர்வேயர், ஒரு மேஸ்திரி. மேஸ்திரி பேரைச் சுமக்குற வீதி எத்தனை ஊர்ல இருக்கும், சொல்லுங்க?

அந்தக் கலெக்டர் ஞாபகமா வச்ச விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். மொத்த ஜவுளி வியாபாரம் நடக்குற இடம். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் போனா நாம நடக்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய் விட்டுடும். துணி எடுக்க அங்க அலையற பாதிப் பேருக்கு அது எதுக்கு வச்ச தூணுன்னு தெரியாது.

மதில் போன பிறகு, 1875-ல் ரயில் வந்துச்சு. அந்த மேற்குப் பக்கத்து விளிம்புலதான் ராணி மங்கம்மாள் (ஆட்சி 1689 - 1706) பேர்ல இருக்குற சத்திரம். அவர் காலம் முடிஞ்சு 170 வருஷத்துக்கு அப்புறம் ரயில் வந்து சத்திரத்துக்கு எதிர்லயே நின்னுச்சு! ஒரு பக்கம் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் கோயில், நடுவுல இடிச்சு நிரவின மனைகள். அப்புறம் லாட்ஜ் வேற எங்க வரும்?

இதே மேலமாசி வீதியில இன்னொருத்தரும் வந்து தங்கினார். காந்தி. 1921 செப்டம்பர் 22 அன்னிக்கு, அங்க தங்கியிருந்த வீட்டு மாடியிலிருந்துதான் முழு உடுப்பை விட்டுட்டு முழங்கால் வேட்டியோட வெளியில வந்தார். அந்த வீட்டுல பின்னாடி கதர்க்கடை வந்துச்சு. ஆறு பட்டுப்புடவை பில்லைக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கதையை நான் சொன்னப்ப, தங்கச்சி ஒரு பார்வை பார்த்தா பாருங்க... அத்தோட நிறுத்திக்கிட்டேன்.

சரி, இடம் வசதியா அமைஞ்சுடுச்சு. எல்லாருக்கும் இடம் கொடுத்தாங்களா?

ராத்திரி ரூம்ல சாப்பிட்டு முடிச்சதும் அம்மா சொன்னது இது. அம்மா பிறந்த ஊர் திருமங்கலம் பக்கம். "எங்க தாத்தா பருத்திப் பொதி ஏத்திக்கிட்டு மதுரைக்கு வருவாராம்யா. நம்மாளுக சத்திரத்துலதான் இறங்குவாராம். வேற சத்திரத்துல உள்ள விடமாட்டாங்க."

"வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவரு?"

"அந்த ஆளுக்கு ஏதுய்யா சத்திரம்? வண்டிக்கு அடியிலதான் படுத்துக்கிடுவாராம். திண்ணையிலகூட விடமாட்டாங்கன்னு எங்கம்மா சொல்லுவா."

கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

கல் மதில் சில வருஷத்துல போயிடுச்சு. இந்த மதிலுக்கு இன்னும் நூறு வருஷம் ஆச்சு. நாங்க போய்க் கும்பிட்டுட்டு வந்த அதே கோயிலுக்குள்ள, 1939 ஜூலை 8 அன்னிக்குத்தான் வைத்தியநாதய்யர் தலைமையில தாழ்த்தப்பட்டவங்களும் நாடார்களும் நுழைய முடிஞ்சது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகள்ல பிராமணர்களுக்குத் தனி இடம்ங்கற வழக்கம், பெரியாரும் நீதிக்கட்சியும் போராடினதுக்கு அப்புறம் 1941-ல் ஒழிஞ்சது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தப்ப 15(2) பிரிவுல எழுதிட்டாங்க: கடை, உணவு விடுதி, தங்கும் விடுதி இங்கெல்லாம் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இதுகளை மட்டும் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. கவனிச்சீங்களா? நாம ஜவுளி எடுக்க ஊருக்குப் போனா என்னென்ன செய்வோமோ, அது அத்தனையும் ஒரே வரியில இருக்கு.

எல்லாம் சரியாகிடுச்சுன்னு சொல்ல வரலை. பொண்ணுங்க தனியா வந்தா ரூம் இல்லைன்னு கையை விரிக்கிற லாட்ஜ்கள் இன்னமும் உண்டு. ஆனா நாங்க போன லாட்ஜ்ல கவுண்டர் பையன் ஆதார் நகல் கேட்டான், போன் நம்பர் கேட்டான், எத்தனை பேர்னு கேட்டான். நீங்க என்ன ஆளுகன்னு கேட்கலை. அந்த வண்டிக்காரரோட பேரப் பிள்ளைங்க இன்னிக்கு ஜவுளி எடுக்க வந்தா, எங்க பக்கத்து ரூம்லயே தங்கியிருக்கலாம். எனக்கு அந்த ஊர்ல பிடிச்ச வசதி இதுதான்.

அடுத்த தடவை மதுரையில ரூம் போட்டா, பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பழைய கோட்டையில இடிக்காம விட்ட ஒரு துண்டு இன்னும் நிக்குது. அதைப் பார்த்துட்டு, மாரட் வீதி, மேஸ்திரி வீதின்னு பலகையைப் படிச்சுக்கிட்டே கடைக்கு நடங்க. புடவை செலக்‌ஷன் முடியறதுக்குள்ள நாலு தடவை சுத்தி வந்துடலாம், நேரம் தாராளமா இருக்கும்!