லிவியாவின் தோப்பு பட்டுப்போனதா?

ரோமுக்கு வடக்கே, ஃபிளமினியா நெடுஞ்சாலையின் ஒன்பதாவது மைல்கல்லை ஒட்டி, இன்றைய பிரிமா போர்ட்டாவில், அகஸ்டஸ் சீசரின் மனைவி லிவியாவுக்கு ஒரு மாளிகை இருந்தது. பறந்துபோன கழுகு ஒன்று அவள் மடியில் வெள்ளைக் கோழியைப் போட்டது, கோழியின் அலகில் இருந்த லாரல் கிளையை நட்டதில் தோப்பு உண்டாயிற்று என்பது கதை. இந்த லாரல் நம் பிரிஞ்சி இலை மரத்தின் குடும்பம்தான். வெற்றி ஊர்வலம் போன சீசர்கள் இத்தோப்பின் கிளையை ஏந்திச் சென்று, பிறகு அதையே நட்டுவைத்தார்கள். ஒவ்வொரு சீசரும் சாகும் தறுவாயில் அவர் வைத்த மரம் வாடியது, பேரரசர் நீரோவின் கடைசி ஆண்டில் தோப்பு முழுவதும் வேரோடு பட்டுப்போனது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். நீரோ இறந்தது கி.பி. 68இல்.

இதை அப்படியே ஏற்க முடியாது. மூத்த பிளினி கி.பி. 77 வாக்கில் முடித்த ‘இயற்கை வரலாறு’ நூலில் இதே கதையைச் சொல்லிவிட்டு, அந்தத் தோப்புகள் தனித்தனிப் பெயர்களோடு இன்னும் நிற்கின்றன என்கிறார். நீரோ இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்ட வரி அது. சூட்டோனியஸ் எழுதியதோ இரண்டாம் நூற்றாண்டில். அதிலும், சீசர் வம்சம் நீரோவோடு அற்றுப்போனது என்று, அவருக்கு அடுத்து ஆண்ட கால்பாவின் வரலாற்றைத் தொடங்கி, அதற்குச் சான்றாகவே தோப்பைக் கொண்டுவருகிறார். வம்சம் அற்றுப்போனதைக் காட்ட அவருக்குப் பட்ட மரம் தேவைப்பட்டது.

வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் லாரல்கள் வாடியதைச் சொல்கிறாரே என்று கேட்கலாம். அவர் மூன்றாம் நூற்றாண்டுக்காரர். கேள்விப்பட்டதைத்தான் எழுத முடியும். பிளினியும் பழைய ஏடுகளைப் பார்த்துத்தானே எழுதினார் என்பது வலுவான மறுப்பு. ஆனால் அவர் பேரரசர் வெஸ்பாசியனிடம் நாள்தோறும் போய்வந்தவர். ரோமிலிருந்து ஒன்பது மைலில் இருந்த தோப்பு அடியோடு அழிந்திருந்தால் அது அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. பிளினி, சூட்டோனியஸ் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கவும் வழியுண்டு. வேரில் நீர் தேங்கினால் லாரல் இலை மஞ்சளாகும். குளிர்காற்று அடித்தால் ஓரம் கருகும். கடும் உறைபனியில் மேல்மரமே காய்ந்துவிடும். ஆனால் வேர் பிழைத்திருந்தால், அடியோடு வெட்டிவிட்டாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். காய்ந்த கிளைகளைப் பார்த்தவர்கள் சகுனம் என்றிருப்பார்கள். தோட்டக்காரர்கள் வெட்டிவிட்டுத் துளிருக்குக் காத்திருப்பார்கள்.

தோட்டக்காரர்களின் கைவேலைக்குத் தடயமும் உண்டு. அம்மாளிகையில் நடந்த அகழாய்வில், நடவுக்கென்றே துளையிட்ட மண்சட்டிகள் கிடைத்தன. லாரல் போத்து எளிதில் வேர்பிடிக்காது, வேர்விடவே மாதக்கணக்காகும். ஊர்வலத்தில் வெயிலில் வாடிய கிளையை ஊன்றினால் அது பிழைப்பது அரிது. ஆகவே, சீசர் பெயரில் வளர்ந்த மரங்களில் பலவும் தோட்டக்காரர்கள் சட்டியில் தேற்றி வைத்த கன்றுகளாகவே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அம்மரங்களின் நோய்க்கும் நலத்துக்கும் அரண்மனையில் அல்ல, மண்ணிலும் நீரிலும் பனியிலும்தான் காரணம் தேட வேண்டும்.