ராடார் இருந்தும் மோதிய கப்பல்கள்



நம் மலாக்கா நீரிணையில் இரவும் பகலும் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. கும்மிருட்டிலும் அடைமழையிலும் அவை மோதாமல் போவது எப்படி என்று எண்ணியதுண்டா? "அதான் ராடார் இருக்கே!" என்பீர்கள். சரிதான். ஆனால் ராடார் இருந்தும் மோதிக்கொண்ட இரு கப்பல்களின் வரலாற்றைக் கேளுங்கள்.

மலைமுன் நின்று கூவினால் எதிரொலி வருகிறதல்லவா? ராடாரும் அப்படித்தான். அது அனுப்பும் வானொலி அலை, விநாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, எதிர்க் கப்பலில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரம் தூரத்தைச் சொல்கிறது. அலை வந்த பக்கம் திசையைச் சொல்கிறது. திரையில் ஓர் ஒளிப்புள்ளி தெரியும். அவ்வளவுதான்! அந்தக் கப்பல் எங்கே போகிறது என்பதை ஒரு புள்ளி சொல்லாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புள்ளியின் இடத்தைக் குறித்து, கோடு போட்டுப் பார்க்க வேண்டும். தூரம் குறைகிறது, திசை மட்டும் மாறவில்லை என்றால் ஆபத்து!

1956ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே கடும் மூடுபனி. இத்தாலிய நாட்டின் 'ஆண்ட்ரியா டோரியா' 1,706 பேருடன் நியூயார்க்கை நோக்கி விரைந்து வந்தது. எதிரே சுவீடனின் 'ஸ்டாக்ஹோம்'. இரண்டிலும் ராடார் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பல மைல் தொலைவிலேயே திரையில் கண்டுவிட்டன. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?

'வலப்பக்கமாகக் கடந்து போகலாம்' என்று டோரியா நினைத்தது. 'இடப்பக்கமாக' என்று ஸ்டாக்ஹோம் நினைத்தது. டோரியாவில் புள்ளிகளைக் குறித்துக் கணக்கிடவில்லை. பனியிலும் வேகத்தைப் போதிய அளவு குறைக்கவில்லை. கண்ணுக்கு விளக்குகள் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இரவு 11.10க்கு ஸ்டாக்ஹோமின் முகப்பு டோரியாவின் வலப்புறத்தைப் பிளந்தது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் மாண்டனர். மற்றக் கப்பல்கள் விரைந்து வந்ததால் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். மறுநாள் காலை டோரியா மூழ்கியது. அதன் தலைவர் பியெரோ கலமாய் பின்னர் எந்தக் கப்பலுக்கும் தலைமை ஏற்கவே இல்லை.

1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கடல்விதிகள், அரைகுறை ராடார் தகவலைக் கொண்டு ஊகம் செய்யலாகாது என்கின்றன. கண்ணாலும் காதாலும் காவல் இருக்கவும் பணிக்கின்றன. இன்று கணினியே கோடு போட்டுத் தருகிறது. ஆயினும் விதி மாறவில்லை.

மாணவர்களே, கருவி காட்டும். சிந்திக்க வேண்டியவர் நாம்தான். பாடத்திலும் அப்படித்தானே? ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவுகட்டாதீர்கள். மறுபடி பாருங்கள், குறித்து வையுங்கள், பிறகு திரும்புங்கள்!