ஆப்ல 40% மழைன்னா என்ன அர்த்தம்? உங்க ஏரியா வானிலையைச் சரியா சொல்ல உதவும் பழைய மழைக் கணக்கு!

காலையில கிளம்பும்போது ஃபோனை எடுத்து வெதர் ஆப்பைப் பார்க்கிறீங்க. '40% மழை' என்று காட்டுகிறது. குடையை எடுக்கிறதா, வேண்டாமா? எடுக்காமல் போனால் தாம்பரத்தில் கொட்டுகிறது. அதே நேரத்தில் மயிலாப்பூரில் இருக்கும் ஃப்ரெண்ட், 'இங்க வெயில் அடிக்குதுடா' என்று மெசேஜ் போடுகிறார். 'இந்த ஆப்பே வேஸ்ட்' என்று திட்டுவதற்கு முன், அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிஞ்சுக்கோங்க.

ஆப் உங்க தெருவைப் பார்ப்பதில்லை

வானிலைக் கணிப்பு சூப்பர் கம்ப்யூட்டரில் நடக்கிறது. பூமியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் அடுத்து எப்படி மாறும் என்று கணக்குப் போடுவார்கள். இதைத்தான் 'வானிலை மாதிரி' என்கிறார்கள். இந்தியாவில் பயன்பட்டு வந்த மாதிரியில் ஒரு கட்டம் 12 கி.மீ நீளம், 12 கி.மீ அகலம். 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' அதை 6 கி.மீ-யாகக் குறைத்தது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால், 6 கி.மீ கட்டம் ஒன்றை மெரினாவில் வெச்சுப் பாருங்க. பாதி கடல், பாதி கான்கிரீட். மாதிரிக்கு அது ஒரே கட்டம், ஒரே எண். நீலகிரியில் வைத்தால் மலை உச்சியும் பள்ளத்தாக்கும் ஒன்றாகிவிடும். அந்தக் கட்டத்துக்குள் உங்க ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்ல இன்னொரு விஷயம் வேண்டும். அதுதான் உள்ளூரின் பழைய பதிவு.

பழைய பதிவு எப்படித் திருத்துகிறது?

ஓர் உதாரணம். 'நாளை 34 டிகிரி' என்று மாதிரி சொன்ன பழைய நாட்களை எல்லாம் எடுக்கிறோம். அந்த நாட்களில் உங்க ஊர் வெப்பமானியில் உண்மையாகவே பதிவானது எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுகிறோம். பெரும்பாலும் 36 என்று வந்திருந்தால், உங்க ஊருக்கு மாதிரி 2 டிகிரி குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை 34 என்று வந்தால், 36 என்று திருத்திக்கொள்ளலாம். காற்றின் திசை, மாதம் என எல்லாவற்றையும் சேர்த்து இதையே விரிவாகச் செய்கிறார்கள். 1970-களில் இருந்தே உலகம் முழுக்கப் பயன்படும் முறை இது.

அந்த 40%-உம் இப்படித்தான். 'பாதி ஊரில் மழை' என்றோ, 'லேசா பெய்யும்' என்றோ அர்த்தம் இல்லை. இதே போன்ற சூழல் 100 முறை வந்தால், நீங்க இருக்கும் இடத்தில் சுமார் 40 முறை மழை பெய்யும் என்பதுதான் பொருள். அந்த 40 சரியா, தப்பா என்று சோதிக்க வேண்டும் என்றால், முன்பு எத்தனை முறை பெய்தது என்று யாராவது எழுதி வெச்சிருக்கணும் இல்லையா? பதிவு இல்லாத ஊருக்கு ஆப் காட்டும் எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒரே மழை, வேற வேற கணக்கு

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தை எடுத்துக்கோங்க. நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. தாம்பரத்தில் 49 செ.மீ. ரெண்டுமே நமக்கு 'சென்னை மழை'தான். ஆனால் இடையில் 20 செ.மீ வித்தியாசம். நுங்கம்பாக்கம் மழைமானியை மட்டும் நம்பியிருந்தால், அடையாறு ஆற்றில் வந்த தண்ணீருக்குக் கணக்கே கிடைத்திருக்காது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ கொட்டியது. புயல் எதுவும் இல்லை, வளிமண்டல மேலடுக்கு சுழற்சிதான். அந்தப் பகுதியில் வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். அந்த ஊரில் ஒரு மழைமானி இருந்ததால்தான் இந்த எண்ணே நமக்குத் தெரியும். இனி தூத்துக்குடி மாவட்டத்துக்கு யார் பாலம் கட்டினாலும், ஏரிக்கரையை உயர்த்தினாலும், இந்த 95-ஐ மனதில் வைத்தே ஆக வேண்டும்.

டிவியில் வரும் 'கனமழை' என்ற வார்த்தைக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த அளவு எல்லா ஊருக்கும் பொது. ஆனால், வால்பாறைக்குப் பழகிப்போன ஒரு மழை, ராமநாதபுரத்தில் ஊரையே நிறுத்திவிடும். எது உங்க ஊருக்கு ஆபத்து என்பதை உங்க ஊர்ப் பதிவுதான் சொல்லும்.

வயநாடு சொன்ன பாடம்

இது உயிர் காக்கும் விஷயம் என்பதற்கு, நீலகிரிக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளாவின் வயநாட்டில் கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் சென்டர் என்ற ஆய்வு அமைப்பு, மாவட்டம் முழுக்க 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளில் இருந்து தினமும் அளவுகளைச் சேகரிக்கிறது. எங்கே எவ்வளவு பெய்தால் மண் தாங்காது என்பதை அந்தப் பதிவுகளை வைத்துக் கணிக்கிறார்கள்.

2024 ஜூலை 29. வயநாட்டுக்கு அன்று இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. அதாவது அதிகபட்சம் 20 செ.மீ வரை எதிர்பார்க்கலாம். ஆனால் முண்டக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் புத்துமலை மழைமானியில் முந்தைய நாளே 20 செ.மீ பதிவாகிவிட்டது. மழையும் விடவில்லை. புத்துமலையில் 2019-லேயே நிலச்சரிவு நடந்திருக்கிறது. இதையெல்லாம் வைத்து அன்று காலையிலேயே மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது ஹியூம் சென்டர். அடுத்த 24 மணி நேரத்தில் புத்துமலையில் பெய்தது 37 செ.மீ. நள்ளிரவு தாண்டி மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலையில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

மாவட்டத்துக்கான கணிப்பு ஒன்றைச் சொன்னது. மலையடிவார மழைமானி அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னது. உள்ளூர்ப் பதிவு இருந்தால் மட்டும் போதாது, அதை உடனே காதில் வாங்கிச் செயல்படும் ஏற்பாடும் வேண்டும் என்பதுதான் வயநாடு சொன்ன பாடம்.

அலமாரியில் தூங்கும் தாள்கள்

சென்னை இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர். நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வகம் வந்துவிட்டது. 1813-ல் இருந்து மழைக் கணக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875-ல்தான். ஆனால் எல்லா ஊருக்கும் இந்த வசதி இல்லை. எஸ்டேட், அணை, தாலுகா அலுவலகம் என்று பழைய நோட்டுகளில் இருக்கும் அளவுகள் கம்ப்யூட்டருக்குள் வந்தால்தான் பயன்.

பிரிட்டனில் இதை மக்களே செய்துகாட்டினார்கள். 2020 ஊரடங்கில் வீட்டில் இருந்த ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், ஸ்கேன் செய்த பழைய மழைத் தாள்களைப் பார்த்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளை 16 நாள்களில் டைப் செய்து முடித்தார்கள். விளைவு, அந்த நாட்டின் மிக வறண்ட ஆண்டு 1887 இல்லை, 1855 என்று வரலாறே மாறியது.

நீங்க என்ன செய்யலாம்?

* மழைமானி வைங்க: மேலிருந்து அடி வரை ஒரே அகலம் உள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட டப்பா போதும். உள்ளே ஸ்கேல் வைத்து மி.மீ-ல் அளக்கலாம். 1 மி.மீ மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர்.
* இடம் முக்கியம்: மரம், சுவர் பக்கத்தில் வேண்டாம். சுவர் 2 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 4 மீட்டர் தள்ளி வைங்க.
* நேரம் மாற்றாதீங்க: இந்தியாவில் மழை அளக்கும் நேரம் காலை 8.30. அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அன்றைய தேதியில் எழுதுங்க.
* பூஜ்ஜியத்தையும் எழுதுங்க: 'மழை இல்லை' என்பதும் பதிவுதான். காலியாக விட்டால் மழை இல்லையா, நீங்க அளக்கவில்லையா என்று பின்னாடி தெரியாது.
* ஒப்பிட்டுப் பாருங்க: ஆப் சொன்னதைப் பக்கத்திலேயே குறிச்சு வைங்க. ஒரு வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள், உங்க ஏரியாவுக்கு ஆப் எப்போதெல்லாம் சொதப்புகிறது என்று பிடிபட ஆரம்பிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். உங்க டப்பா கணக்கை வைத்து 'புயல் வருது' என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீங்க. எச்சரிக்கைக்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' ஆப்பைப் பாருங்க, இடி மின்னலுக்கு 'தாமினி' இருக்கிறது.

30 வருட சராசரியைத்தான் ஓர் ஊரின் 'வழக்கமான' வானிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 30 வருடத்தில் முதல் நாளை யாராவது ஒருத்தர் எழுதித்தான் ஆரம்பிக்கணும். நாளைக்குக் காலை 8.30 மணிக்கு நீங்களே ஆரம்பிங்களேன்!