மாலத்தீவு: மக்களாட்சியும் வெளியுறவுக் கொள்கையும்

மாலத்தீவு இலட்சத்தீவுகளுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள குடியரசு. ஏறத்தாழ 1,190 பவளத்தீவுகளில் ஆள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டுத் தொழிலாளரையும் சேர்த்து மக்கள்தொகை 5 லட்சத்தைச் சற்றே தாண்டும். பௌத்த நாடாக இருந்த இது 12ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவியது. 2008 அரசமைப்பின்படி முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது. அதிபர் சுன்னி முஸ்லிமாக இருக்க வேண்டும். அதே அரசமைப்புதான் பல கட்சிகள் போட்டியிடும் நேரடி அதிபர் தேர்தலையும் கொண்டுவந்தது. முஸ்லிம் நாடுகளில் மக்களாட்சி வெளியுறவை என்ன செய்கிறது என்று அறிய விரும்பும் தமிழர் அரபு நாடுகள் வரை போக வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணி போகும் தொலைவிலேயே சான்று இருக்கிறது.

அரண்மனையின் தனி விவகாரம்

1887 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தானகம் 1965 ஜூலை 26 அன்று விடுதலை பெற்று, 1968இல் குடியரசானது. தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவின் கான் தீவில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் 1976 வரை இருந்தது. தளம் தந்த வேலைவாய்ப்பும் தலைநகர் மாலேயில் இருந்த அரசின் கெடுபிடியும் சேர்ந்து, 1959இல் தென் தீவுகள் ‘சுவாதிவ் குடியரசு’ என்று தனியே பிரியும் அளவுக்குக் கொண்டுபோயின. 1963இல் அந்தக் கிளர்ச்சி அடங்கியது. அந்நியப் படை என்ற சொல் மாலத்தீவு அரசியலில் இன்றும் சுடுவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். பிரிட்டன் போனபின் கான் தளத்தைக் குத்தகைக்குக் கேட்ட சோவியத் ஒன்றியத்துக்கு அன்றைய அதிபர் இப்ராகிம் நாசிர் இடம் கொடுக்கவில்லை.

1978இல் பதவியேற்ற மாமூன் அப்துல் கயூம் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் படித்தவர். 30 ஆண்டுகள் ஆண்டார். மஜ்லிஸ் என்னும் நாடாளுமன்றம் ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும். மக்கள் அதற்கு ஆம் அல்லது இல்லை என்று வாக்களிப்பார்கள். ஆறு முறையும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆம் விழுந்தது. இந்தக் காலத்தில் வெளியுறவு அதிபரின் மேசையோடு முடிந்த விஷயம். தெருவில் யாரும் அதைப் பேசவில்லை, பேசவும் முடியாது.

1988 நவம்பர் 3

இந்தக் கதையில் தமிழர் நேரடியாக வருவது இங்கேதான். இலங்கையில் தங்கியிருந்த மாலத்தீவு வணிகர் அப்துல்லா லுத்துபி, உமா மகேசுவரனின் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் (புளொட்) சேர்ந்த சுமார் 80 பேருடன் படகில் வந்து மாலேயில் இறங்கினார். கயூம் தப்பி ஒளிந்துகொண்டு பல நாடுகளிடம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்திய பாராசூட் படையினர் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் வந்திறங்கினர். பிணையாளிகளுடன் ‘புரோகிரஸ் லைட்’ என்ற கப்பலில் ஓடியவர்களை ஐஎன்எஸ் கோதாவரி, ஐஎன்எஸ் பேத்வா ஆகிய போர்க்கப்பல்கள் மறித்துப் பிடித்தன. ‘ஆப்பரேஷன் கேக்டஸ்’ என்ற இந்நடவடிக்கை இந்தியப் படை வரலாற்றில் பெருமையோடு பேசப்படுகிறது. பெருமை நியாயமானதே. ஆனால் இந்தியா அன்று காப்பாற்றியது எதிரணியே இல்லாமல் வாக்கு வாங்கிய ஓர் ஆட்சியை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கயூமின் சிறைகளை டெல்லி கண்டுகொள்ளவில்லை என்ற மனத்தாங்கல் மாலேயின் சீர்திருத்தவாதிகளிடம் இருந்தது.

வாக்குச்சீட்டு வந்தபின்

2003 செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் இவான் நசீம் என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார், மாலே கொந்தளித்தது. மாலத்தீவு ஜனநாயகக் கட்சி கொழும்பில் இருந்தபடியே தொடங்கப்பட்டது. 2005இல் கட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2008 அக்டோபர் இரண்டாம் சுற்றில் 54 விழுக்காடு வாக்கு பெற்ற முகமது நஷீத், பலமுறை சிறை சென்றவர், கயூமை வீழ்த்தினார்.

அதோடு வெளியுறவும் வீதிக்கு வந்தது. மாலே விமான நிலையத்தை விரிவாக்கி 25 ஆண்டுகள் நடத்தும் ஒப்பந்தம் 2010இல் இந்தியாவின் ஜிஎம்ஆர் நிறுவனம் தலைமையிலான கூட்டுக்குக் கிடைத்தது. நாட்டின் வாசலையே அந்நியருக்கு விற்றுவிட்டார் என்று எதிர்க்கட்சிகள் முழங்கின. மதக் கட்சியான அதாலத் அதில் முன்னின்றது. 2011 நவம்பரில் அட்டுவில் நடந்த சார்க் மாநாட்டுக்காக உறுப்பு நாடுகள் வைத்த நினைவுச் சின்னங்கள் சிலை வணக்கம் என்று தாக்கப்பட்டன. உடைபட்டவற்றில் ஒன்று பாகிஸ்தான் அளித்தது. முஸ்லிம் நாடு முஸ்லிம் நாட்டுக்குத் தந்த பரிசுக்கே இந்தக் கதி என்றால், அங்கே மதம் நட்பு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அல்ல, உள்ளூர் எதிரியை அடிக்கும் கோல் என்பது விளங்கும்.

2012 பிப்ரவரி 7 அன்று, காவலர் கிளர்ச்சிக்கு நடுவே நஷீத் பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலக வைத்தார்கள் என்றார் அவர். காமன்வெல்த் துணையுடன் நடந்த விசாரணை அது ஆட்சிக் கவிழ்ப்பு அல்ல என்றது. புதிய அதிபர் முகமது வஹீதை இந்தியா உடனே ஏற்றுக்கொண்டது. அவரது அரசோ அதே ஆண்டு நவம்பரில் ஜிஎம்ஆர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நடுவர் தீர்ப்பின்படி 2016இல் மாலத்தீவு கட்ட நேர்ந்த இழப்பீடு சுமார் 27 கோடி டாலர்.

அப்துல்லா யாமீனின் ஆட்சி (2013–2018) தனியாகக் கவனிக்க வேண்டியது. தேர்தலில் வென்றுதான் வந்தார். வந்தபின் எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனார்கள். அண்ணன் முறையான கயூமே 2018இல் கைதானார். இதே காலத்தில்தான் சீனாவின் நன்கொடையிலும் கடனிலும் மாலேக்கும் ஹுல்ஹுலேவுக்கும் இடையே பாலம் எழுந்தது. 2016இல் ஈரானுடனும், 2017இல் கத்தாருடனும் சவூதி வழியைப் பின்பற்றி உறவு முறிக்கப்பட்டது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட சீனத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை 2017 நவம்பரில் மஜ்லிஸ், எதிர்க்கட்சிகள் இல்லாத அவையில், ஒரு மணி நேரத்துக்குள் நிறைவேற்றியது.

மற்ற முஸ்லிம் நாடுகளில் இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. 2003 மார்ச்சில் ஈராக்குக்குள் நுழைய அமெரிக்கப் படைகளுக்கு வழிவிடும் தீர்மானம் துருக்கி நாடாளுமன்றத்தில் தோற்றது. 2015 ஏப்ரலில் ஏமன் போரில் நடுநிலை வகிக்க வேண்டும் என்று பாகிஸ்தான் நாடாளுமன்றம், கேட்டது சவூதியாக இருந்தும், தீர்மானித்தது. இரண்டு இடத்திலும் அவை கூடிப் பேசியது, அரசால் மீற முடியவில்லை. மாலேயில் தேர்தல் இருந்தது, விவாதம் இல்லை. வித்தியாசம் மதத்தில் இல்லை, அவையில் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் யாமீன் நெருக்கடிநிலை அறிவித்துத் தலைமை நீதிபதியைக் கைது செய்தபோது, படைத்துணையுடன் தூதரை அனுப்புமாறு நஷீத் இந்தியாவிடம் வெளிப்படையாகவே கேட்டார். இந்தியா அனுப்பவில்லை. செப்டம்பரில் மக்களே வாக்களித்து யாமீனை இறக்கினார்கள். எதிரணி வேட்பாளர் இப்ராகிம் முகமது சோலிஹுக்கு 58 விழுக்காடு கிடைத்தது. 1988க்கும் 2018க்கும் இடையில் டெல்லி கற்ற பாடம் இது என்றே தோன்றுகிறது.

‘இந்தியாவே வெளியேறு’

‘இந்தியா முதலில்’ என்றார் சோலிஹ். இந்தியக் கடனும் நன்கொடையும் சேர்ந்து 50 கோடி டாலரில் புதிய பாலத் திட்டம் தொடங்கியது. உதுரு திலா ஃபல்ஹுவில் கடலோரக் காவல்படைக்குத் துறைமுகம் அமைக்க 2021இல் ஒப்பந்தமானது. அதன் முழு விவரம் வெளியே வராததால் இந்தியத் தளம் வருகிறது என்ற ஐயம் பரவியது. ‘இந்தியாவே வெளியேறு’ இயக்கம் பெருகியது. 2022 ஏப்ரலில் சோலிஹ் அதை ஆணையிட்டுத் தடை செய்தார். தடை அந்த முழக்கத்துக்கு வலிமை சேர்த்ததே தவிர வேறு பயன் தரவில்லை. அங்கிருந்த இந்தியப் படையினர் 100 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் நோயாளிகளைத் தீவுகளிலிருந்து மாலேக்குக் கொண்டுவரும் இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கியவர்கள் அவர்கள்.

2023 செப்டம்பர் 30 அன்று, அந்த முழக்கத்தோடு அதிபர் தேர்தலில் நின்ற முகமது முய்சு 54 விழுக்காடு பெற்று வென்றார். முதலில் துருக்கிக்கும் பின்பு சீனாவுக்கும் சென்றார். 2024 மே 10க்குள் இந்தியப் படையினர் வெளியேறினர். அவர்கள் இடத்தில் அதே விமானங்களை இயக்க இந்தியாவிலிருந்தே சிவிலியன் தொழில்நுட்பர்கள் வந்தார்கள்! முழக்கமும் நிறைவேறியது, விமானமும் பறந்தது.

தூத்துக்குடி வழி

இந்தியா அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, வெங்காயம், முட்டை, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றை ஏற்றுமதித் தடைக் காலத்திலும் ஆண்டு ஒதுக்கீட்டில் மாலத்தீவுக்குக் கொடுக்கிறது. இவற்றில் கணிசமானது தூத்துக்குடி வழியே போகிறது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷி, மாலே ஆகியவற்றை இணைக்கும் நேரடிச் சரக்குக் கப்பல் சேவையும் தொடங்கியது. மாலே அரசியல் ஒருமுறை இதே வழியில் திரும்பியும் வந்தது. யாமீனின் துணை அதிபராக இருந்து, அவரைக் கொல்லச் சதி செய்ததாகச் சிறையிலடைக்கப்பட்ட அகமது அதீப், 2019 ஆகஸ்ட் 1 அன்று ‘விர்கோ 9’ என்ற இழுவைக் கப்பலில் தூத்துக்குடி கடற்பகுதிக்கு வந்து சேர்ந்தார். முறையான நுழைவிடம் வழியாக வரவில்லை என்று கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். மாலேயில் அப்போது இருந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட நட்பு அரசு.

கடனும் திரும்பலும்

2024 ஏப்ரலில் முய்சுவின் கட்சி மஜ்லிஸில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்தது. அதற்குள் அன்னியச் செலாவணி வற்றிவிட்டது. அக்டோபரில் கட்ட வேண்டிய ‘சுகுக்’ என்னும் இஸ்லாமியக் கடன்பத்திரத் தவணை தவறிவிடும் என்று உலகச் சந்தை அஞ்சியது. பாரத ஸ்டேட் வங்கி வாங்கியிருந்த 5 கோடி டாலர் அரசுப் பத்திரத்தின் தவணை இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டது. அக்டோபரில் டெல்லி வந்த முய்சுவுக்கு 40 கோடி டாலரும் ரூ.3,000 கோடியும் நாணய மாற்று வசதியாகக் கிடைத்தன. ஷரியா முறைப் பத்திரம் தவறாமல் நின்றதில், வெளியேறச் சொல்லப்பட்ட நாட்டின் கைமாற்றுக்கும் பங்குண்டு.

உள்நாட்டில் போக்கு வேறு. கட்சி மாறும் உறுப்பினர் பதவி இழப்பார் என்று 2024 நவம்பரில் அரசமைப்பு திருத்தப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஏப்ரலில் இஸ்ரேலியக் கடவுச்சீட்டு உடையோர் நுழையத் தடைச் சட்டம் வந்தது. காசா போரில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசிய அரிய விஷயம் அது. சீனாவுடனான வணிக ஒப்பந்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 26 அன்று, 60ஆம் விடுதலை நாள் விழாவில் சிறப்பு விருந்தினராக மாலேயில் இருந்தவர் இந்தியப் பிரதமர் மோதி, ரூ.4,850 கோடி கடனுதவியும் அப்போது அறிவிக்கப்பட்டது.